மழை விட்டதும் வருகிறேன்

மே 28

என் கண்ணாடிக்காரருக்கு,

போன் சிக்னலும் எட்டாத இந்த மலைக்கு அரிசி ஜீப்தான் தபால்காரர். போன வாரம் அது வரவேயில்லை, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மலை, முதல் மழை விழுந்ததும் மாறிவிட்டது. அடிவாரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. நடுமலையில் அந்துப்பூச்சிகள், துவைத்துப் போட்ட என் சட்டையில்கூட வந்து ஒட்டிக்கொள்கின்றன. உச்சிப் புல்வெளியில் மட்டும் மழை விட்ட பிறகுதான், அதுவும் கொஞ்ச நாளைக்கு. அங்கே பறக்கும் பழுப்புச் சிறகுக்காரிகள் போன வருடக் கணக்கெடுப்பில் கண்ணில் படவில்லை. இந்த வருடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அப்பா சாப்பிடுகிறாரா? மகள் மலையில், அப்பா மருமகன் தலையில் என்றாகிவிட்டது.

உங்கள்
மலைக்காரி

ஜூலை 19

என் மலைக்காரிக்கு,

மாமா சாப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டோடு உட்காருகிறார். வீட்டில் தனியாக விடப் பயந்து கடைக்குக் கூட்டிப்போகிறேன். கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்களிடம், "எங்க இறங்கணும்?" என்று கேட்கிறார். காலமெல்லாம் கண்டக்டராக இருந்த வாய், சும்மா இருக்குமா? சிரிக்கிறார்கள். நானும்தான்.

ஆனால் நேற்று குளியலறைக்குள் வெளியே வரும் வழி தெரியாமல் நின்று அழுதார். உன் பெயரைச் சொல்லித்தான் அழுதார். நீ இன்னும் அவர் நினைவில் இருக்கிறாய். இருக்கும்போதே வந்துவிடு. பூச்சி அடுத்த வருடமும் வரும்.

உன்
கண்ணாடிக்காரன்

ஆகஸ்ட் 30

அன்புள்ள உங்களுக்கு,

வராது என்பதுதான் என் பயம். அடிவாரத்துப் பூச்சிகள் சூடு தாளாமல் நடுமலைக்கு ஏறிவிட்டன. நடுமலையில் இருந்தவை உச்சிக்கு. உச்சியில் இருந்தவை எங்கே ஏறும்? இப்போது இறங்கினால் அந்தக் கொஞ்ச நாளைத் தவறவிடுவேன், ஒரு வருடமே போய்விடும்.

அப்பாவிடம் சொல்லுங்கள், மழை விட்டதும் வருகிறேன்.

மலைக்காரி

நவம்பர் 6

அன்புள்ள உங்களுக்கு,

ஆகஸ்ட் முதல் எழுதிய என் மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

மழை விட்டது. வெயில் அடித்த நாளெல்லாம் புல்வெளியில் நடந்தேன். ஒன்றுகூட இல்லை. முகாமில் எங்களுக்குச் சமைக்கும் அம்மாள், "இல்லாததைத் தேடி ஏம்மா கால் தேயறே?" என்றார். அவரிடம் கோபப்பட்டுவிட்டு, பாறை மறைவில் போய் உட்கார்ந்திருந்தேன்.

நாளை இறங்குகிறேன்.

மலைக்காரி

நவம்பர் 27

உனக்கு,

நீ வந்து இருந்த நாட்களில் நாம் பேசிக்கொண்டது மாமாவின் மாத்திரையைப் பற்றி மட்டும்தான். அவர் உன்னை யாரென்று கேட்டதும் நீ சமையலறைக்குள் போய்விட்டாய். பின்னாலேயே நான் வந்திருக்க வேண்டும். வரத் தோன்றவில்லை. கோபமில்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை.

வேலையை நீட்டித்திருக்கிறார்கள் என்றாய். இருந்துவிடு. மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைத் தன் பிள்ளை என்றே நினைக்கிறார், நானும் திருத்துவதில்லை. எனக்காக இறங்கி வர வேண்டாம்.

நீ பேருந்து ஏறிய பிறகு, "வந்துட்டுப் போன பொண்ணு யாருப்பா?" என்றார். மலையில் பூச்சிகளைத் தேடுகிறவள் என்றேன்.

"தனியாவா? பாவம். அவங்க வீட்டுல தேட மாட்டாங்களா?"

"ரொம்ப நாள் தேடினாங்க" என்றேன்.

இப்படிக்கு