ஊசியைப் பிடுங்கிய நாள்

மார்ச் 4
சர்க்கரையும் வந்துவிட்டது. எச்.ஐ.வி. கிளினிக் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். "கிருமி அடங்கித்தான் இருக்கு. ஆனா அதோட சண்டை போட்ட எதிர்ப்பு அணுக்கள்ல சிலது இன்னும் ஓயல. கொழுப்புக்குள்ள உட்காந்து புகைஞ்சுக்கிட்டே இருக்கு. சர்க்கரை ஏற அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க."
பட்ட காலிலே படும் என்பது இதுதான் போல.

மார்ச் 5
வீட்டில் சர்க்கரையை மட்டும் சொன்னேன். நாத்தனாருக்குப் பல வருடச் சர்க்கரை. "வாம்மா நம்ம கட்சிக்கு" என்று சிரித்தார். வாய்விட்டுச் சொல்லக்கூடிய நோய் ஒன்று கிடைத்ததில் ஒரு நிம்மதி. வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 9
வேலை செய்யும் அச்சகத்தில், பைண்டிங் மேஜையில் தலை சுற்றியது. "சர்க்கரை" என்றேன். சூப்பர்வைசர் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். மற்றதைச் சொல்லியிருந்தால்?

மார்ச் 12
நாத்தனார் தன் சோதனைக் கருவியைக் கொண்டுவந்து என் விரலில் குத்திப் பார்த்தார். அதே ஊசியைத் தன் விரலுக்குக் கொண்டுபோனார். பிடுங்கிவிட்டேன். என் உள்ளங்கையில் கீறியது.
"ஊசிய மாத்துங்க அண்ணி."
"வீட்டுக்குள்ள என்ன மாத்துறது? என் ரத்தம் உனக்கு அருவருப்பா இருக்கா?"
உங்களோடது இல்ல அண்ணி, என்னோடது — சொல்ல வந்தேன். சொல்லாமல் ஊசியைக் காகிதத்தில் சுற்றினேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

மார்ச் 13
என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அக்காவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். ஊசிய ஒளிச்சு வை, போதும்" என்கிறார். ஒளிச்சு வெச்சா? நாளைக்கே வேற வாங்கிட்டு வருவாங்க. எத்தனை தடவை பிடுங்குவேன்?

மார்ச் 15
சொல்லிவிட்டேன். சமையலறையில், நின்றபடியே. நாத்தனார் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.
"எத்தனை நாளா?"
"கல்யாணத்துக்கு முன்னாடியே. உங்க தம்பிக்குத் தெரியும். அவருக்கு இல்ல."
அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 16
பேச்சில்லை.

மார்ச் 17
ஒரு தட்டு மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. யாருடையது என்று கேட்கவா வேண்டும்?

மார்ச் 20
கிளினிக்குக் கிளம்பினேன். நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார். டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்: தட்டு, துண்டு, கழிவறை. எதிலும் பயமில்லை என்றார் டாக்டர். "ஊசி மட்டும் ஆளுக்கொண்ணு. அந்த விதி எல்லாருக்கும்தான்."
வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னார்: "பயம் போகல. போன மாதிரி நடிக்கவும் எனக்கு வராது."
"சரி அண்ணி."
பஸ்ஸில் கூட்டம். அவருக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். கொஞ்ச தூரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஓரமாக நகர்ந்தார்.
"உட்காரு. ஒடுங்கிக்கலாம்."
உட்கார்ந்தேன். தோளோடு தோள் உரசியது. அவர் விலகவில்லை.