சுத்தமான ஆள்

மார்ச் 4, திங்கள்

காலையில் வழக்கம்போல் முதலில் இயந்திரத்தின் காலி நாற்காலியில் கதிர்களை எண்ணினேன். பிறகு குளித்து, தலைமுடியை அலசி, காகித அங்கியை மாட்டிக்கொண்டு நானே அதில் உட்கார்ந்தேன். ஊர் ஆட்களின் உடம்பில் கதிரியக்கத்தை அளப்பதற்கு முன் சுத்தமான ஆள் ஒருவரை அளந்து பார்க்க வேண்டும் என்பது இந்த அறையின் முறை. அந்தச் சுத்தமான ஆள் நான்தான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து கடை அரிசி, டின் மீன், கப்பலில் வரும் உறைந்த கோழி. தேங்காய் என்றால் வீட்டுக்குப் பின்னால் சீசியத்தை உறிஞ்சாமலிருக்கப் பொட்டாசியம் உரம் போட்ட மரத்துத் தேங்காய் மட்டும். அணுகுண்டுத் தூள் அதிகம் விழுந்த வடக்குத் தீவுத் திட்டுகளிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை. நண்டைக்கூடத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

இன்று திரையில் ஓடும் கோட்டில், சீசியத்தின் இடத்தில் ஒரு சின்ன மேடு.

என் உடம்பில் சீசியமா? சிரித்துவிட்டேன். இயந்திரத்துக்குத்தான் ஏதோ கோளாறு.

மார்ச் 7, வியாழன்

மேடு போகவில்லை. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

கார்ல்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அமெரிக்காவிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர். இயந்திரம் அவருடைய பொறுப்பு. திரையைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "படிகத்துல ஈரம் ஏறியிருக்கும் லிமேஜ். ஏசி நின்னு நின்னு ஓடுதுல்ல. கவலைப்படாத, இந்த அளவெல்லாம் ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லை. இதே சொல்லை என் அம்மாவிடமும் சொன்னார்கள். அமெரிக்காவின் சோதனைக் குண்டிலிருந்து வெள்ளைத் தூள் வானத்திலிருந்து எங்கள் தீவில் விழுந்தபோது அவள் சிறுமி. பிறகு கட்டியாக வளர்ந்த அந்த ஒன்றுமில்லாததைக் கழுத்தில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். போன வெள்ளிதான், குண்டு வெடித்த நினைவு நாளில், இறந்தவர்களோடு அவள் பெயரையும் வாசித்தோம்.

ஈரம் என்றால் எல்லாம் மங்க வேண்டும். உடம்பிலிருந்து வரும் ஒவ்வொரு கதிரும் அந்தப் படிகத்தில் ஒரு மினுக்கைக் கிளப்புகிறது. மினுக்கின் பிரகாசத்தை வைத்துத்தான் இது சீசியம், இது பொட்டாசியம் என்று இயந்திரம் பிரித்து எண்ணுகிறது. பொட்டாசியம் எல்லார் உடம்பிலும் இருப்பது. என் பொட்டாசியம் மேடு அதே இடத்தில், அதே உயரத்தில் நிற்கிறதே! படிகத்துக்கு ஈரம் என்றால் அது மட்டும் எப்படித் தப்பித்தது? கார்ல்சனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறாரா?

இயந்திரத்தைச் சரிபார்க்க அவர் மேசை டிராயரில் பொத்தான் அளவு ஒரு சீசியம் வில்லை இருக்கிறது. அதை நாற்காலிக்கு அடியில் ஒட்டிவைத்தால் போதுமே. எதற்கு ஒட்டுவார்? எங்களைப் பயமுறுத்தி வடக்குத் திட்டுகளுக்குத் திரும்பாமல் செய்ய. எதற்காகவோ. அவர்கள் எது செய்யமாட்டார்கள்?

மார்ச் 8, வெள்ளி

நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். வில்லை டிராயரில்தான் இருக்கிறது. காலி நாற்காலி சுத்தம். கார்ல்சனை உட்காரவைத்தேன், அவரும் சுத்தம். நான் மட்டும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

தேவாலயத்தில் பாட்டில் மனம் செல்லவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி இருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஆம்ரம் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். வடக்கே இருக்கும் எனெமாக் திட்டு என் தாய்வழி நிலம். அதில் பரம்பரையாக உழைக்கும் குடும்பங்களுக்கு அவர்தான் பெரியவர். தாய்மாமன் போன வருடம் இறந்ததிலிருந்து அந்த நிலத்துக்கு அலாப், அதாவது தலைவர், நான். அந்தப் பட்டம் எனக்கு இன்னும் பழகவில்லை. என்னைவிட மூத்த மனிதர் என் முன்னால் குனிந்து பேசினால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"நல்லா சாப்புடுறீங்களா, அலாப்?" என்று கேட்டார். பின்னால் நின்ற அவர் மனைவி சிரித்தாள். சாப்பிடுகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துபோயிற்று.

நான் சாப்பிட்டால் இவர்களுக்கு என்ன?

மார்ச் 12, செவ்வாய்

ஜோர்பானோடு சண்டை. என் கணவன்தான், ஆனால் இன்று எதிரி. வாரம் இரண்டு தடவை படகை எடுத்துக்கொண்டு வடக்கே மீன் பிடிக்கப் போகிறான். மீன் என்னவோ தெற்கேயும்தான் இருக்கிறது. அங்கே எவளாவது இருக்கிறாளா, அவள் கையால் தின்கிறானா என்று கேட்டேவிட்டேன்.

"அவ கையால நான் தின்னா உன் உடம்புல எப்படிடீ ஏறும்?" என்றான். "மூளையையும் சேர்த்து அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு வந்துட்டியா?"

கேள்வி நியாயமானதுதான். அதனால் கோபம் இன்னும் கூடியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். காகித அங்கியில் முழங்கால் தெரிய உட்கார்ந்து சிரிக்கிறான். அவனுக்கும் மேடு. ஏறக்குறைய என்னளவு.

அப்படியென்றால் பெண் இல்லை. பானை. இரண்டு பேரும் ஒரே பானையில்தான் சாப்பிடுகிறோம்.

மார்ச் 14, வியாழன்

வீட்டுச் சாப்பாட்டை ஒவ்வொன்றாக டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்ப் படிகத்துக்கு முன்னால் வைத்தேன். கோழி, ஒன்றுமில்லை. டின் மீன், ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய அரிசி, ஒன்றுமில்லை. அதே அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு—

சீசியத்தின் மேடு மளமளவென்று எழும்பியது. நான் ஆசையாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சோறு அது.

சமைப்பது ஜோர்பானின் தங்கை லிஜெம்மா. வீட்டுக்கு ஓடினேன். துருவிக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்துடீ இந்தத் தேங்கா?"

"கொல்லை மரத்துதான், அண்ணி."

"கொல்லை மரத்துல காய் குறையவே இல்லையேடீ! நான் எண்ணமாட்டேன்னு நெனச்சியா?"

தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "என்னைக் கேக்காதீங்க. ஆம்ரம் மாமாவைக் கேளுங்க. நான் எதுவும் தப்பு பண்ணல அண்ணி, சத்தியமா. உங்களுக்கு மரியாதைதான் பண்ணினேன்."

மரியாதையா! என் சொந்த வீட்டில், என் தட்டில், எனக்குத் தெரியாமல்! அவளை அறைந்துவிடுவேனோ என்று பயந்து வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

ஆம்ரம் மாமா கூப்பிடாமலே வந்தார். லிஜெம்மா சொல்லியிருக்க வேண்டும். பாயில் உட்காராமல் வாசலிலேயே குந்திக்கொண்டார்.

"எனெமாக்ல புதர் வெட்டப் போனோம். மரமெல்லாம் காய்ச்சுத் தொங்குது அலாப். உங்க மாமா காலத்துல நட்டது. நிலத்தோட முதல் காய் அலாப் வாய்க்குப் போகாம நாங்க தொடமுடியுமா? கொண்டாந்தா நீங்க வாங்கமாட்டீங்க. உங்க வேலை அப்படி. அதான் பாலாப் பிழிஞ்சு போடச் சொன்னேன்."

"அது விஷம்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"யாரு சொன்னா?"

"இயந்திரம் சொல்லுது."

"அது அவங்க இயந்திரம்தானே?" என்றார். குரலில் கோபமே இல்லை. "அவங்க சாப்புடுன்னு சொன்னப்ப சாப்புட்டோம். அப்புறம் சாப்புடாதேன்னாங்க. ஊருக்குப் போன்னாங்க, அப்புறம் ஊரை விட்டு ஓடுன்னாங்க. எந்தத் தடவை சொன்னது உண்மைன்னு நான் எடுத்துக்கட்டும்?"

போன வாரம் நானும் அதே சந்தேகத்தோடுதானே நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

"நீங்களும் சாப்பிட்டுட்டீங்களா?"

"உங்களுக்கு முன்னாடியா?" நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க சாப்புட்டு ரெண்டு வாரமாவது போகட்டும்னு இருந்தோம். இனிமே ஆரம்பிக்கலாம். பிள்ளைங்க ஆசையா இருக்குதுங்க."

எட்டுக் குடும்பம். என் வாய்க்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் தின்றுவிட்டேன். இனி அந்தப் பிள்ளைகள் எல்லாம் தின்னும்.

மார்ச் 16, சனி

இன்று ஒன்றும் ஓடவில்லை. அம்மாவின் கழுத்துத் தழும்பு. சட்டைக் காலரை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாளே, அது.

மார்ச் 19, செவ்வாய்

கார்ல்சனை வெளியே போகச் சொன்னேன். "இது எங்க விஷயம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆம்ரம் மாமாவையும் எட்டு வீட்டுப் பெரியவர்களையும் அறைக்குள் வரவைத்தேன். முதலில் கொல்லை மரத்துத் தேங்காய். திரை சும்மா கிடந்தது. பிறகு எனெமாக் தேங்காய். மேடு எழும்பியது. அவர்கள் திரையைப் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் ஏதாவது விசை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அங்கேதானே முதலில் பார்த்தேன்.

"எந்தக் காய் எதுன்னு எனக்குத் தெரியாம கலந்து வைங்க" என்று திரும்பி நின்றேன். கலந்தார்கள். கிசுகிசுத்தார்கள். ஏமாற்றுவதற்காக ஒரே காயை இரண்டு தடவை வைத்தார்கள். படிகம் ஒரு தடவையும் ஏமாறவில்லை. கடைசியாக நான் உட்கார்ந்தேன். என் மேட்டைப் பார்த்ததும் ஆம்ரம் மாமாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெட்டி பொய் சொல்லலாம்" என்றார் ஒருவர், இன்னும் மனமில்லாமல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி சொல்லி இவர்கள் கேட்கப்போவதில்லை. அலாப் சொன்னால்தான் கேட்பார்கள்.

"சரி, பெட்டியை விடுங்க" என்றேன். "முதல் காய் கொடுத்தீங்க. நான் சாப்பிட்டேன். நிலம் என்னுதுதானே? இப்ப அலாப் சொல்றேன். எனெமாக் மூடியாச்சு. நான் திறக்கிறவரைக்கும் ஒரு காய், ஒரு நண்டு, யாரு வாய்க்கும் போகக்கூடாது."

மூன்று வருடமாக இதே வாயால் இதையே சொல்லியிருக்கிறேன். படம் காட்டி, எண் காட்டி. தலையாட்டிவிட்டுப் போவார்கள். இன்று யாரும் தலையாட்டவில்லை. எல்லோரும் எழுந்து குனிந்து நின்றார்கள்.

மத்தியானம் படகில் போய், நிலம் மூடியதற்கு அடையாளமாகக் கரையோர மரங்களில் தென்னை ஓலையை நானே சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். ஆம்ரம் மாமா முடிச்சுப் போடக் கையைக் கொடுத்தார். அழுதார். நானும்தான். நல்ல மரங்கள்.

ஜூலை 12, வெள்ளி

என் மேடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜோர்பானுக்கும் அப்படியே. வடக்கே அவனுக்கு யாரும் இல்லை என்பதை இப்போது ஏறக்குறைய நம்புகிறேன்.

எட்டு வீட்டையும் இந்த வாரம் அளந்து முடித்தேன். பிள்ளைகளை இரண்டு தடவை. ஒருவரிடமும் சீசியம் இல்லை. ஒருவரிடமும்! இப்போது ஊரில் சுத்தமான ஆட்கள் அவர்கள்தான். அதனால் காலையில் முதலில் உட்காருவது ஆம்ரம் மாமா. காகித அங்கியில் ராஜா மாதிரி உட்காருகிறார்.

நேற்று கப்பல் வந்தது. மாலையில் அவர் வாசலில் நின்றார், கையில் இலையால் மூடிய கிண்ணம். கடையில் வாங்கிய புது அரிசி மூட்டை. அதைப் பிரித்து, முதல் பிடியை வேகவைத்து எனக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"நிலத்துலேர்ந்து இல்ல" என்றார், தரையைப் பார்த்தபடி. "ஆனாலும் நீங்க சாப்புட்டாத்தான் நாங்க சாப்புடுவோம்."

வாங்கிக்கொண்டேன். அவரை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, கிண்ணத்தோடு அளக்கும் அறைக்குப் போய்ப் படிகத்துக்கு முன்னால் வைத்தேன். முழு நேரமும் எண்ணவிட்டேன்.

ஒன்றுமில்லை. திரும்பி வந்து, அவர் கண் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன்.