குளிர் படாத ரத்தம்

எல் ஆல்டோ
30 மே 2005

டாக்டர் ஃபௌஸ்டோ அரான்சிபியா அவர்களுக்கு,

இதைக் கொண்டுவருபவர் பசிலியா. என் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மினிபஸ் ஓட்டுநர் செவெரினோ காயிசாயாவின் மனைவி. அவர் கையில் உள்ள குழாயில் செவெரினோவின் ரத்தம் இருக்கிறது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின் அளவு பார்த்து அனுப்பவும். எங்கள் ஆய்வகத்தில் அழற்சிக்கு சி.ஆர்.பி. என்ற சோதனை மட்டும்தான் பார்க்கிறார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் கார்னிவல் திருவிழாவிலிருந்து பழுது, அதனால் எடுத்தது எடுத்தபடி அனுப்புகிறேன்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். பேசினால் சண்டை வரும், இப்போது எனக்குச் சண்டை போட நேரமில்லை.

விஷயம் இதுதான். வண்டி கவிழ்ந்ததில் செவெரினோவுக்கு விலா எலும்புகள் முறிந்தன, மண்ணீரலை எடுத்தாயிற்று, இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. இப்போதைக்குத் தொடைக்கு வெளியே இரும்புச் சட்டம் போட்டுக் கம்பிகளால் நிறுத்தியிருக்கிறோம். எலும்புக்குள் ஆணி இறக்க எங்கள் அறுவை மருத்துவர் ஒந்தார்சா துடிக்கிறார். அடிபட்ட உடம்புக்குள் அழற்சி கொதிக்கும்போது இறக்கினால் நுரையீரல் கைவிட்டுவிடும். போன வருடம் அவர் அவசரப்பட்டதில் ஒரு கொத்தனாரை அப்படித்தான் இழந்தோம். ரொம்பத் தள்ளிப்போட்டால் கம்பி போன வழியில் சீழ் பிடிக்கும். பிறகு ஆணி இறக்க முடியாது, முழங்கால் மடங்காது. இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால். எனக்கு ஒரு எண் வேண்டும்.

டாக்டர் நெல்டா போமா

---

லா பாஸ்
30 மே

அன்புள்ள நெல்டாவுக்கு,

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம், அதிலும் ‘அவர்களுக்கு’. இருக்கட்டும்.

அளவு 310. அதிகம்தான். இரண்டு மூன்று நாள் பொறுத்து மறுபடி அனுப்பு. இறங்கினால் ஒந்தார்சா தாராளமாக ஆணி இறக்கட்டும்.

மேலே மலை உச்சியில் குளிர் எப்படி? நான் விட்டுவந்த எரிவாயு அடுப்பு எரிகிறதா? கடிதத்தைப் பார்த்தால் நின்றுகொண்டே எழுதியது போல இருக்கிறது. சாப்பிடவாவது உட்கார்.

ஃபௌஸ்டோ

---

எல் ஆல்டோ
3 ஜூன்

ஃபௌஸ்டோ,

அடுப்பு எரியவில்லை. அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

நேற்றிலிருந்து சாலை மறியல். ஒரு சக்கரம்கூடக் கீழே இறங்காது. பசிலியா நடந்தே வருகிறாள். குழாயை வாங்கும்போது, வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். “பத்திரமா கொண்டு போம்மா, உன் புருஷனையே தூக்கிட்டுப் போற மாதிரி நெனச்சுக்கோ” என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினேன்.

செவெரினோ நன்றாக மூச்சு விடுகிறார். சி.ஆர்.பி. இறங்குகிறது. “ரோட்டை மறிச்சுட்டாங்களாமே டாக்டரம்மா, அப்ப எனக்கு வருமான நஷ்டம் இல்ல” என்கிறார். இன்று உன் எண்ணும் இறங்கியிருந்தால் நாளைக் காலை ஆணி.

நெல்டா

---

லா பாஸ்
3 ஜூன்

நெல்டா,

இறங்கவில்லை. 640. தொடாதே.

ஃபௌஸ்டோ

---

எல் ஆல்டோ
6 ஜூன்

ஃபௌஸ்டோ,

640 உள்ள மனிதர் சூஞ்ஞோ உருளைக்கிழங்கு சூப் இரண்டாவது கிண்ணம் கேட்பாரா? காய்ச்சல் இல்லை, சிறுநீர் சரியாகப் போகிறது, சி.ஆர்.பி. பாதியாகிவிட்டது. உன் எண் மட்டும் தனியாக மலை ஏறுகிறது. எல்லார் முன்னாலும் ஒந்தார்சா கேட்டார்: “கீழே இருக்கிற உங்க வீட்டுக்காரர்கிட்ட உத்தரவு வாங்கித்தான் நான் கத்தியைத் தொடணுமா?” கொத்தனாரை நினைத்துக்கொண்டு, பொறுக்கத்தான் வேண்டும் என்றேன். கம்பி ஓரம் சிவந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இயந்திரத்தை ஒருமுறை சோதித்துப் பார். கெஞ்சிக் கேட்கிறேன், நான் கெஞ்சுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நெல்டா

---

லா பாஸ்
6 ஜூன்

நெல்டா,

இரண்டு முறை ஓட்டினேன். அளவு தெரிந்த மாதிரிகளையும் கூடவே வைத்து ஓட்டினேன். 890. என் இயந்திரம் பொய் சொல்லாது. உன் வார்டில் நூறு ஓட்டை இருக்கும், அங்கே தேடு. அங்கிருந்த காலத்தில் நான் சொன்னது எதையும் நீ நம்பியதில்லை, இன்றைக்கு மட்டும் எப்படி நம்புவாய்?

ஆணி இறக்கினால் அவர் சாவார். முடிவு உன்னுடையது.

ஃபௌஸ்டோ

---

எல் ஆல்டோ
9 ஜூன்

ஃபௌஸ்டோ,

சீழ் வந்துவிட்டது.

உன் எண்ணை நம்பி ஒந்தார்சாவின் கையைப் பிடித்து நிறுத்தியது நான். காலையில் கட்டைப் பிரித்தவர் சீழைத் துடைத்துவிட்டுப் புதுக் கட்டுப் போட்டார்; நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. செவெரினோ என் முகத்தைப் பார்த்துவிட்டு மறியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார், பார்.

பொதுமருத்துவமனையில் பொறுமை போய் நீ கீழே இறங்கிச் சொந்த ஆய்வகம் வைத்துக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டாய். ஒரு மனிதரைத் தொட்டுப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது உனக்கு? கடைசிக் குழாய் அனுப்புகிறேன். இதற்கு என்ன எண் வந்தாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நெல்டா

---

லா பாஸ்
9 ஜூன்

நெல்டா,

திட்டுவதை எல்லாம் வைத்துக்கொள், முதலில் இதைப் படி.

குழாய் வாங்கும் பெண் மறியலால் இன்று வரவில்லை. ஜன்னலில் நானே உட்கார்ந்திருந்தேன். பசிலியா சால்வையை விலக்கி, உள்ளே மூன்று கம்பளிச் சட்டைக்கும் அடியிலிருந்து, நெஞ்சோடு வைத்திருந்த குழாயை எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி சூடு. எத்தனை நேரமாக இப்படி வைத்திருந்தாய் என்று கேட்டேன். மறியல் கல்லையெல்லாம் சுற்றி நடந்து வந்தேன், காலையிலிருந்து என்றாள். ஏனம்மா என்றால், “வெளியில உறைபனி டாக்டர். அவரோட ரத்தத்தைக் குளிர்ல விட்டா அவருக்குக் குளிராதா?” என்கிறாள். முன்பும் அப்படித்தானாம்.

உனக்கு விளக்க வேண்டாம். பிரிக்காத ரத்தம் உடம்புச் சூட்டில் பாதி நாள் இருந்தால் வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே இன்டர்லூக்கினைச் சுரந்து தள்ளும். நான் அளந்தது செவெரினோவின் உடம்பை அல்ல, குழாய்க்குள் நடந்த கூத்தை. முதல் குழாய் மினிபஸ்ஸில் சீக்கிரம் வந்தது, அதனால் அது மட்டும் சரி. சி.ஆர்.பி. இந்தச் சூட்டுக்கு அசையாது. உன் கண்ணும் அதுவும் சொன்னதுதான் உண்மை. மூன்றாம் தேதியே ஆணி இறக்கியிருக்கலாம்.

சாலை அடைபட்டது எனக்கும் தெரியும். குழாய் எப்படி வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தம் எடுத்த நேரத்தை நீயும் எழுதவில்லை. பசிலியாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன். நீ சொல்லிவிடு. யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ஃபௌஸ்டோ

---

எல் ஆல்டோ
24 ஜூன்

ஃபௌஸ்டோ,

நேற்று சான் ஹுவான் பண்டிகை இரவு, தெருவெல்லாம் நெருப்பு மூட்டினார்கள். எனக்கு எதுவும் சூடேறவில்லை.

சீழ் எலும்புவரை போய்விட்டது. இனி ஆணி கிடையாது. கால் இருக்கும், சட்டத்தோடு பல மாதம். முழங்கால் மடங்காது என்று ஒந்தார்சா சொல்லிவிட்டார். மினிபஸ்ஸை மைத்துனனிடம் கொடுத்துவிடச் சொல்லி செவெரினோ நேற்றுத்தான் மனைவியிடம் சொன்னார்.

யார்மேல் தப்பு என்று பசிலியா கேட்டாள். புருஷனைத் தூக்கிப்போகிற மாதிரி கொண்டுபோ என்று சொன்னவளே நான். அவள் அப்படியே செய்தாள். அதை அவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வேன்? கீழே டாக்டருடைய இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். உனக்கு அந்த இயந்திரம் எப்படி என்று தெரிந்தேதான் சொன்னேன். கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் வேண்டாம்.

நெல்டா

---

லா பாஸ்
28 ஜூன்

அன்புள்ள நெல்டா,

கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. இங்கே யாரிடம் காட்டுவது?

கையால் சுற்றுகிற சுழற்றி ஒன்று பழைய பெட்டியில் கிடந்தது, எண்ணெய் போட்டுவிட்டேன். இனி ரத்தத்தை மேலேயே பிரித்து, ஐஸ் வைத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துவருகிறேன். அடுப்பையும் பார்க்கிறேன். நீ வீட்டில் இல்லாவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

நேற்று பசிலியா வந்தாள். குழாய் எதுவும் இல்லை, என்னைப் பார்க்கத்தான் வந்தாளாம். “மெஷினைச் சரி பண்ணிட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டாள். சரி பண்ணிவிட்டேன் என்றேன். இன்னொருத்தருக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்றாள். ஆகாது என்றேன். போகிறவள் கதவருகே நின்று, “என் பக்கம் ஒரு குறையும் இல்ல டாக்டர். வழியில ஒரு நிமிஷம்கூட அதைக் குளிர விடல” என்றாள்.

“தெரியும்மா” என்றேன்.

ஃபௌஸ்டோ