பீடம் இருந்த இடத்தில் நாலு மேசை

கடலூர்,
2-3-1963

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஞானராஜ் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? தபசு காலம் என்று ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிடக்காதீர்கள்.

கன்னியர் மடத்துக் கட்டடத்தில் பள்ளிக்கூட வேலை இழுத்துக்கொண்டே போகிறது. அதை வாங்கிய நடனசபாபதி ஐயா, அதன் வரலாற்றை எழுதி முகப்பில் மாட்ட ஆசைப்படுகிறார். இருபது வருஷம் அங்கே மடத்துத் தாயாராக இருந்த உங்களைவிட யாருக்குத் தெரியும்? நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

பிரியமுள்ள தம்பி,
ஞானராஜ்


சிதம்பரம்,
7-3-1963

தம்பி ஞானராசுக்கு, சேசுவின் ஆசீர்.

கேட்டதை எழுதுகிறேன். வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் துணி மூட்டை அடுக்கக் கட்டிய கிடங்கு அது. காலரா கண்ட வருஷம், தேவனாம்பட்டினத்தில் தாய் தகப்பனை இழந்த பதினொரு பிள்ளைகளோடு மூன்று கன்னியர் அங்கே குடியேறினார்கள். மூட்டை இறக்கிய கூடம் கோயிலானது. எழுபது வருஷம் மணி அடித்தது. 1961-ல், பள்ளிக்கூடம் வரும் என்று நீ சொன்னதை நம்பி நான் கையெழுத்துப் போட்டு விற்றேன். இப்போது அது ஓட்டல்.

ஆமாம் தம்பி, தெரியும். ஐப்பசியில் கண் காட்டக் கடலூர் வந்தபோது உள்ளே போனேன். பீடம் இருந்த இடத்தில் நாலு மேசை. ஒன்றில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். நீ மேனேஜர் நாற்காலியில் போன் பேசிக்கொண்டிருந்தாய், தலை நிமிரவில்லை. கூப்பிடாமல், காப்பிக் காசை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு சேதி இங்கேயும் எட்டியது. இந்த வாடகை வீட்டில் இருக்கிற சகோதரிகள் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். ஓட்டல் என்று தெரிந்தேதான் விற்றேன் என்று சொல்லிவிட்டேன். உன் பேரைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. சிஸ்டர் சவரியம்மாள் மட்டும், "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயாரே" என்றாள். அப்புறம் என்னோடு பேசவே இல்லை. தை மாதம் இறந்துபோனாள்.

இந்தப் பொய்யை இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால், போய்த் திருத்து என்பார் சாமியார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் வீட்டில்தான் இருப்போம்.

வியாகுலமேரி


கடலூர்,
18-3-1963

அக்காவுக்கு,

நேற்று காலை ரயிலில் சிதம்பரம் வந்தேன். முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சிஸ்டர் சவரியம்மாளின் குழி இன்னும் வெறும் மண்மேடுதான். அங்கே நின்று நடந்ததைச் சொன்னேன். "ஓட்டல்னா உங்க அக்கா ஒத்துக்க மாட்டாங்க. பள்ளிக்கூடம்னு சொல்லுங்க, மேனேஜர் வேலை உங்களுக்குத்தான்" என்றார் நடனசபாபதி. வேலை போய் ஆறு மாசம் வீட்டில் கிடந்த நான், அப்படியே வந்து உங்களிடம் சொன்னேன்.

பிறகு உங்கள் தெருமுனை வரை நடந்தேன். சகோதரிகள் முகத்தை நினைத்ததும் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். செத்தவருக்குச் சொல்ல முடிந்தது, இருக்கிறவர்களுக்குச் சொல்ல முடியவில்லை.

இது கிடைத்த அன்று, சாயங்காலச் செபம் முடிந்ததும் எல்லாரும் கேட்க வாசியுங்கள். தாயாருக்கு ஒன்றும் தெரியாது. பொய் சொன்னவன் நான்.

வருகிற ஞாயிறு மறுபடி வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம்.

ஞானராஜ்