உன் படத்தில் என் கை

பஞ்சர் ஒட்டும் சொலூஷன் டப்பாவைத் திறந்தால் நீ வந்துவிடுகிறாய். இன்று காலையும் மூடியைத் திருகியதும் அந்த நெடி ஏறியது. கூடவே உன் நினைப்பு. உன் நினைப்போடு என் வயிற்றெரிச்சல்.

செத்துப்போனவர் மேல் என்ன பொறாமை என்று என் பெண்டாட்டி கேட்கிறாள். அவளுக்கென்ன தெரியும்?

திண்டிவனம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஸ்பேனரை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். ஆனால் "வண்டி நின்ன எடத்துக்கே நாம போனா இன்னாடா?" என்று உனக்குத்தான் தோன்றியது. டூல் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாய். வெப்சைட் ஒன்றும் போட்டாய். ஒரே பக்கம்தான்: செய்கிற வேலை, போன் நம்பர், ஒரு படம். நான் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தேன்.

அந்தப் படம்! ராஜகிரிக் கோட்டை மலை பின்னால் தெரிய, நாம் இருவரும் நின்று எடுத்தது. நீ என்னை வெட்டிவிட்டுப் போட்டிருந்தாய். உன் தோள்மேல் என் கை மட்டும் மிச்சம். நேராகவே கேட்டேன்.

"ரெண்டு பேரு நின்னா, வரப்போறது எவன்னு பாக்கறவன் கொழம்பிடுவான் மச்சான்," என்றாய், சிரித்துக்கொண்டே. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது ஊர்ப் பெயர். பிறந்ததிலிருந்து செஞ்சி என்று சொல்கிற ஊரை நீ இங்கிலீஷ்காரன் மாதிரி ஜிஞ்ஜி என்று எழுதியிருந்தாய். "இன்னாடா, தொர ஆயிட்டியா?" என்று ஒர்க்‌ஷாப்பே கேலி செய்தது.

"கோட்டை பாக்க மெட்ராஸ்லேந்து வர்றவன் அப்டித்தான்டா தேடுவான். நிக்கறது அவன் வண்டி, நம்ம வண்டியா?" என்றாய்.

சொன்னது பலித்தது. என்னோடு டீ குடிக்க உட்கார்ந்தாலே உன் போன் அடிக்கும். பாதி டீயை வைத்துவிட்டு ஓடுவாய். அந்த கிளாசைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. உன் சாவுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். மண்டகப்பட்டு ரோட்டில் நீ எப்போதோ செயின் மாட்டிக் கொடுத்த புருஷனும் பெண்டாட்டியும் மாலையோடு வந்து நின்றார்கள். அழுதுகொண்டேதான் நினைத்தேன், என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று. அதிலும் என்னை ஜெயித்துவிட்டாய்.

இப்போது ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். நானும் நீ செய்த வேலையைத்தான் ஆரம்பித்திருக்கிறேன். இது ஓடாவிட்டால் வீட்டை விட்டுவிட்டு மெட்ராஸில் வாட்ச்மேன் வேலைக்குப் போகவேண்டியதுதான். என் பெண்டாட்டியே போனும் கையுமாக உட்கார்ந்து வெப்சைட் செய்தாள். "ஜிஞ்ஜியெல்லாம் வேணாம், வாயில வர்ற மாதிரி செஞ்சின்னே போடு," என்று ரோஷமாகச் சொன்னேன். வாரக்கணக்கில் ஒரு போன் கூட வரவில்லை.

"அவரு போட்ட மாதிரியே மாத்திடறேன், சும்மா இருங்க," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

படமும், நாம் இருவரும் நின்ற அதையேதான் வைக்கவேண்டியிருந்தது. என் மூஞ்சி சகிக்கிற மாதிரி இருக்கிற படம் அது ஒன்றுதான். "பக்கத்துல இருக்கறவர வெட்டிடட்டுமா?" என்று கேட்டாள். வெட்டு என்றேன், பழிக்குப் பழி. வெட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே எனக்கு ஒன்றுமில்லை.

"பஞ்சர் போடறவருக்குக் கையே இல்லன்னா எவன் கூப்புடுவான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சரி, அவனும் இருந்துட்டுப் போறான் என்றேன்.

இன்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோதுதான் முதல் போன் வந்தது. சென்னைக்காரர் ஒருவர். சிங்கவரம் கோயிலுக்குப் போகிற வழியில் பைக் நின்றுவிட்டதாம்.

"அண்ணே, படத்துல ரெண்டு பேர் இருக்கீங்களே, வரப்போறது யாரு?"

நீ சொன்ன அதே கேள்வி. "தோள்ல கை போட்டுக்கினு நிக்கறனே, நான்தான்," என்றேன்.

"ஓ... அந்த சிரிச்ச மூஞ்சிக்காரர் வருவாருன்னு நெனச்சேன்."

செத்தும் விடமாட்டேன் என்கிறாயே, பாவி! வயிறு எரிகிறது. எரியட்டும். டூல் பெட்டியைக் கட்டிவிட்டேன், கிளம்புகிறேன். உன் தோளிலிருந்து கையை மட்டும் எடுக்கமாட்டேன்.