மூச்சடக்கி மூடும் கண்ணாடி

ஓமலூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நம் கேமரா ஒன்று இன்று காலை திரும்பி வந்தது. சாக்கை அவிழ்த்ததும் ஈரக் கல்தூளின் வாசம் அறை முழுக்க நிறைந்துவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசம். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமல் நீ கிளம்பிவிட்டாய், நான் இங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

இந்த அறையே உன் யோசனை. நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே லென்ஸ் செய்யக் கிளம்பிய மகராசன் நீ ஒருவன்தான். தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை டேப் ஒட்டி அடைத்தாய். மின்விசிறியையும் கழற்றிவிட்டாய். சித்திரை வெயிலில் இரண்டு பேரும் உள்ளே வெந்தோம். லென்ஸ் கணக்கெல்லாம் உன்னுடையது, அதைச் சுற்றிய எஃகுக் கூடு என்னுடையது. தட்டைக் கண்ணாடி வைத்தால் தண்ணீருக்குள் பார்வை குறுகிவிடும் என்று முன்கண்ணாடியைக் குவிந்த வடிவில் தேய்த்தாய். உன் வழுக்கையைப் பார்த்து வரைந்தாயா என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

முதல் சோதனை சேந்தமங்கலத்துத் தோட்டம் ஒன்றில். கிணற்றுக்குள் சிக்கிய மோட்டாரைப் பார்க்கவேண்டும். கேமரா இறங்க இறங்கத் திரை வெள்ளையாகிக்கொண்டே போனது. தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கெணத்துக்குள்ள மார்கழி மாசமுங்களா?" என்றார். திரும்பும் வழியில், ஊர் எல்லையில் சொன்னாய்: "நாந்தான் மாப்ளே காரணம். மூக்குக்கண்ணாடியத் தொடைக்கற மாதிரி ஊதித் தொடச்சு மூடிப்புட்டேன்."

உள்ளே அடைபட்ட உன் மூச்சு, கீழே குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிட்டது. அன்றிலிருந்து முன்கண்ணாடியை மூடும்போது இருவரும் மூச்சை அடக்குவது நம் வழக்கமாயிற்று. "பேசாத, மூச்சுடாத" என்பாய். கன்னம் உப்ப நீ நிற்பதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

நீ போனபின் உன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பட்டறைய மட்டும் மூடிறாதீங்கண்ணா." கோவையிலிருந்து என் மகள் தன்னோடு வந்து இருக்கக் கூப்பிடும்போதெல்லாம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்தப் பொம்பளைக்குக் கொடுத்த வாக்கு என்னைச் சிறை வைத்துவிட்டது என்று மனதுக்குள் புலம்பினேன்.

இன்று வந்த கேமராவிலும் உள்ளே பனி. மூடியது நான்தான். இப்போதெல்லாம் என்னால் மூச்சடக்க முடிவதில்லை. உன் மனைவி அதைக் கழற்றி, உலர்த்தி, மூச்சடக்கி மூடினாள். ஐஸ் போட்ட வாளித் தண்ணீருக்குள் விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். திரை பளிச்சென்று இருந்தது.

"நானே பழகிட்டனுங்கண்ணா. நீங்க பொண்ணு ஊட்டுக்குப் போங்க, இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மகளுக்குப் போன் செய்யக் கை போனது. செய்யவில்லை. ஒரு வருடமாக உன் மனைவிமேல் பழி போட்டு வந்திருக்கிறேன். என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது நீ. கோவைக்குப் போனால் நீ செத்துப்போனவன்தான். இந்த அறைக்குள் இருக்கும்வரை நீ டீ குடிக்கத்தான் போயிருக்கிறாய்.