நாலு மணி நேரத்துக்கு ஒரே டிஸ்க்

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசிகள். நான் சுகம், உன் முழங்கால் வலி குறைந்ததா?

நீ அனுப்பிய, உன் அத்தானின் பணி ஓய்வு விழா டிஸ்க்கை விடுதிப் பெண்களோடு பார்த்தேன்.

"வார்டன் ஆன்ட்டி, இதுல அங்கிள் எங்க?"

"மைக் முன்னாடி நிக்குதே ஒரு சாம்பல் கட்டம், அதுதான்டி."

அவர்கள் சிரித்தார்கள், நான் டிஸ்க்கை நிறுத்திவிட்டேன்.

டேப்பை டிஸ்க்காக மாற்றிக் கொடுத்த கடைக்காரன் நாலு மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்திருக்கிறான். படத்தின் அளவான ரெசொல்யூஷனைப் பெரிதாக வைத்து, ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் ஒதுக்கும் தகவலான பிட்ரேட்டைக் கிள்ளிக் கொடுத்தால் முகம் எங்கே மிஞ்சும்? என்ன அருவருப்பான வேலை! படம் சிறிதானாலும் பரவாயில்லை, பிட்ரேட் தாராளமாக இருக்கட்டும். மற்றவர்கள் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு, அத்தான் பேசுவதை மட்டும் பதியச் சொல். பேசி முடித்ததும் கூட்டத்தில் என்னைத் தேடுவார். அவர் போய்விட்ட பிறகு அந்தக் கண்களாவது எனக்குத் தெரிய வேண்டும்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.

அக்கா